டம்மி என்று சொல்ல மாட்டார்

என் அக்காவின் கணவரை எங்கள் தொழிலில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவர் 'ஆயுதம்'. டைரக்டரிலிருந்து லைட் தூக்குபவர் வரைக்கும் ஆயுதம் சார், ஆயுதம் அண்ணே, யோவ் ஆயுதம். பெயரைக் கேட்டு ஆளை எடை போட்டுவிட வேண்டாம். குளியலறையில் கரப்பான்பூச்சியைப் பார்த்தால் கதவைச் சாத்திவிட்டு, அது தானாகப் போகும்வரை துண்டோடு வெளியே நிற்கிற மனிதர் அவர். சினிமாப் படப்பிடிப்புக்கு வேண்டிய துப்பாக்கி, கத்தி, வெடிகுண்டு எல்லாவற்றையும் செய்து கொடுத்து, காட்சி முடிந்ததும் எண்ணி வாங்கிப் பெட்டியில் பூட்டுவதுதான் முப்பத்தொரு வருஷமாக அவர் வேலை. நான் அதே படங்களில் மேக்கப் போடுகிறவன். அவர் கொடுக்கிற கத்தியால் குத்துவார்கள், ரத்தத்தை நான் பூசுவேன்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தன் பெட்டியில் இருக்கிற எதையும் 'டம்மி' என்று சொல்ல மாட்டார், சொல்லவும் விடமாட்டார். "ஆயுதம் அண்ணே, அந்த டம்மி துப்பாக்கியைக் குடுங்க" என்று யாராவது கேட்டால், காது செவிடானது மாதிரி கயிறு சுற்றிக்கொண்டிருப்பார். "துப்பாக்கியைக் குடுங்க" என்று சொன்னால்தான் திரும்புவார். புது ஆட்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள்.

பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. அவர் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரே மாதிரி இரண்டு கத்தி வைத்திருந்தார்கள். கிட்டத்தில் படம் எடுக்க இரும்பு, சண்டைக்கு ரப்பர். அவசரத்தில் யாரோ "டம்மிதான்பா, பிடி" என்று தூக்கிப் போட்டது இரும்பு. பிடித்தவருக்கு இரண்டு விரல் போயிற்று. அன்றிலிருந்து மாமா கட்சி மாறிவிட்டார். "டம்மின்னு ஒரு தடவை வாய் சொல்லிட்டா கை அலட்சியமாயிடும் மாப்ளே. துப்பாக்கின்னா துப்பாக்கி. குண்டுன்னா குண்டு. அப்பத்தான் எல்லாரும் பார்த்துத் தொடுவாங்க" என்பார்.

அவர் எழுதுகிற பட்டியலும் அப்படித்தான் இருக்கும். 'கைத்துப்பாக்கி 4, ரிவால்வர் 1, வெடிகுண்டு 2.' அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. அவர் வேலையும் அந்தப் பட்டியலுக்கு ஏற்றபடியே இருக்கும். வெடிகுண்டு என்றால் பழைய செய்தித்தாளைப் பசையில் ஊற வைத்து உருட்டி, சணல் சுற்றி, கறுப்புச் சாயம் அடித்தது. ஆனால் உள்ளே மீன்வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டுகளைப் போட்டிருப்பார். கனம் இல்லாவிட்டால் நடிக்கிறவன் கை காட்டிக்கொடுத்துவிடுமாம். வெளியே இரண்டு ஒயரை வேறு ஒட்டுவார். அந்த ஒயர் எதற்கு என்று கேட்டேன். "சும்மா, அழகுக்கு" என்றார். அந்த அழகு எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அக்கா போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அவள் மூச்சு நின்றபோது மாமா வெளியூர்ப் படப்பிடிப்பில், யாரோ ஒரு வில்லனின் இடுப்பில் துப்பாக்கி செருகிக்கொண்டிருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எட்டு வயது மகள் வாசலிலேயே நின்று, "ஏன்பா லேட்டு?" என்று கேட்டாள். அதற்கு அவர் இன்றுவரை பதில் சொல்லவில்லை. பதிலுக்குச் சமைத்தார், துவைத்தார், தலை பின்னிவிட்டார், படிக்க வைத்தார். நாங்கள் எல்லோரும் அவளைப் பாப்பா என்று கூப்பிடுவோம். இப்போது அவளுக்கு இருபத்தாறு வயது, கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். போன் செய்து குறை சொல்கிறவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிற வேலை. நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பேச வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் சமையலறையிலிருந்து பேசுகிறாரா, பஸ்ஸிலிருந்து பேசுகிறாரா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரலுக்குப் போகிற நரம்பை ஒட்டிக் கட்டி உட்கார்ந்திருக்கிறது, எடுத்த பிறகு பழைய குரல் வரலாம், கரகரப்பாக வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாப்பா அன்று போனில் ஒன்றுதான் கேட்டாள். "உள்ள போறதுக்கு முன்னாடி உன்கிட்ட நேர்ல கொஞ்ச நேரம் பேசணும்பா. இந்தத் தடவையாவது நேரத்துக்கு வந்துடு."

மாமா இரண்டு நாள் முன்னதாகவே பஸ்ஸில் போவதாக இருந்தார். பை கட்டி வாசலில் வைத்தாயிற்று. அப்போதுதான் எங்கள் தயாரிப்பு மேனேஜர் கூப்பிட்டார். படப்பிடிப்பும் அதே ஊரில்தான். சாமான் லாரி முன்னாலேயே கிளம்பிவிட்டது, கடைசியாகச் சேர்த்த ஏழு ஆயுதங்கள் மட்டும் சாயம் காயாமல் பின்தங்கிவிட்டன. "நீங்க இருந்து அதை முடிச்சுக் கையோட கொண்டு வந்துடுங்க. பஸ்ல எதுக்கு லோல்படுறீங்க? காலையில ஏழரை மணி விமானம், ஒன்பதுக்கெல்லாம் அங்க. ஆபரேஷன் பன்னெண்டுக்குத்தானே?" என்று தேனாகப் பேசினார்.

மாமா தயங்கினார். நான்தான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "விமானத்துல போலாம் மாமா, நானும் கூட வர்றேன். ரெண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்து என்ன செய்யப் போறீங்க?" என்றேன். இதை இங்கே எழுதும்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

காலை ஆறு மணிக்கு விமான நிலையத்தில், பெட்டியைக் கொடுக்கிற கவுன்டரில் நின்றோம். மாமா பளிச்சென்று இஸ்திரி போட்ட காப்பிக் கலர் கட்டம்போட்ட சட்டையில் இருந்தார். முதல் விமானப் பயணம். கவுன்டரில் இருந்த பெண் வழக்கமான கேள்வியை, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். "பெட்டியில பேட்டரி, லைட்டர், ஆயுதம் ஏதாவது இருக்கா சார்?"

"இருக்கும்மா" என்றார் மாமா, யாரோ தன் தொழிலைப் பற்றி விசாரித்த சந்தோஷத்தோடு. "நாலு கைத்துப்பாக்கி, ஒரு ரிவால்வர், ரெண்டு வெடிகுண்டு."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். பக்கத்து வரிசையில் நின்றவர்களும் திரும்பினார்கள்.

"டம்மிங்க, எல்லாமே டம்மி, சினிமா சாமான்" என்று நான் பதறிக்கொண்டு முன்னால் போனேன். மாமா பழக்கதோஷத்தில் என்னை முறைத்தார். அந்த முறைப்பையும் அவள் பார்த்தாள். மேனேஜர் கொடுத்த கம்பெனிக் கடிதத்தை நீட்டினேன். கடிதத்தை மேனேஜர் சொந்தமாகவா எழுதியிருப்பார்? மாமாவின் பட்டியலை அப்படியே எடுத்து அடித்திருந்தார். கைத்துப்பாக்கி 4, ரிவால்வர் 1, வெடிகுண்டு 2, கையெழுத்து, முத்திரை. சீருடைக்காரர்கள் நாலு பேர் எப்போது வந்து நின்றார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

எங்களைக் கூட்டிப்போன அறையில் ஒரு இரும்பு மேஜை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கடிகாரம், விமானங்கள் நிற்பது தெரிகிற மாதிரி ஒரு நீளக் கண்ணாடி. பெல்ட், கைக்கடிகாரம், போன், மாமாவின் மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் தட்டில் போட்டு மேஜையில் வைத்தார்கள். விசாரித்த அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எங்களைவிட அவர்தான் அதிகம் வருத்தப்பட்டார் என்றுகூடச் சொல்லலாம்.

"பெரியவரே, நேராச் சொல்லுங்க. உள்ள இருக்கிறது நிஜமா, பொய்யா?"

மாமா கொஞ்சம் யோசித்தார். யோசிக்க வேண்டிய கேள்வியா இது? "கேமராவுக்கு நிஜம் சார்" என்றார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நடந்ததை எல்லாம் நானே கொட்டித் தீர்த்தேன். தொழில், பழக்கம், விரல் போன கதை, மகளின் ஆபரேஷன் எல்லாம் சொன்னேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "நான் நம்புறேங்க. ஆனா நான் நம்பி என்ன? கவுன்டர்ல அந்த வார்த்தையைச் சொல்லிட்டீங்க. எக்ஸ்ரே படத்துல பார்த்தா உள்ள ஈயம் தெரியுது, ஒயர் தெரியுது. இனிமே வெடிகுண்டு நிபுணர் வந்து பார்த்தாத்தான் பெட்டியைத் தொட முடியும். அவர் ஊருக்கு அந்தக் கோடியில இருந்து வரணும்."

"எப்ப சார் வருவார்?"

"கிளம்பிட்டார்னு சொல்றாங்க."

கிளம்பிட்டார் என்றால் என்ன அர்த்தம் என்று சினிமாக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கதாநாயகர்கள் நாள் முழுக்கக் கிளம்பிக்கொண்டேதான் இருப்பார்கள்.

கம்பெனி மேனேஜரிடம் பேசினால் தெளிவாகிவிடும் என்று நான் சொன்னேன். அதிகாரி மாமாவின் போனிலிருந்தே அவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். எடுத்த எடுப்பில் மேனேஜர், "என்ன ஆயுதம், சரக்கெல்லாம் ஏத்தியாச்சா?" என்றார்.

அறையில் இருந்த ஐந்து பேரும் மாமாவைப் பார்த்தார்கள். அதிகாரி தான் யார் என்று சொன்னதும் மேனேஜரின் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு எதுவும் தெரியாது சார். சாமான் கொண்டு வர்றேன்னு சொன்னார். உள்ள என்னன்னு நான் பார்க்கல" என்றார். அதற்குப் பிறகு அவர் போன் அணைந்தே கிடந்தது. இத்தனை வருஷம் அவருக்காக உழைத்த மனிதரைக் கைகழுவ அவருக்கு அரை நிமிஷம் போதுமாக இருந்தது. இன்றைக்கும் அவரைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏழரைக்கு எங்கள் விமானம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பின்வாங்கித் திரும்பியது. மாமா எழுந்து நின்று பார்த்தார். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். எட்டானது, ஒன்பதானது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மேஜைமேல் கைகளை வைத்து, உள்ளங்கையில் ஒட்டியிருந்த கறுப்புச் சாயத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். "சார், பெட்டி இங்கயே இருக்கட்டும், நான் மட்டும் அடுத்த விமானத்துல போகட்டுமா?" என்று ஒரு முறை கேட்டார். பெட்டி அவர் பெயரில் இருக்கிறது, அவரைத்தான் விட முடியாது என்றார்கள். நான் போகட்டுமா என்றேன். ஒரே டிக்கெட்டில் இரண்டு பெயர் என்றார்கள்.

பத்தரைக்குத் தட்டில் இருந்த அவர் போன் அடித்தது. திரையில் 'பாப்பா'. யாரும் எடுக்கவில்லை. அது மேஜையில் அதிர்ந்து அதிர்ந்து நின்றது. மாமா கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி அடித்தது. முப்பத்தொரு வருஷம் ஊரில் உள்ள வீரர்களுக்கெல்லாம் ஆயுதம் கொடுத்தவர், ஒரு முழம் தூரத்தில் அடிக்கிற போனை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுதேன், அவர் அழவில்லை.

பதினொன்றரைக்கு மூன்றாவது முறை அடித்தபோது அதிகாரி ஒரு பெருமூச்சு விட்டு, "ஒரு நிமிஷம். ஸ்பீக்கர்லயே பேசுங்க" என்று பொத்தானை அழுத்தினார்.

"அப்பா, எங்கப்பா இருக்க? பன்னெண்டுன்னாங்க, இப்பவே உள்ள கூப்பிடுறாங்க."

மாமா போனுக்கு மேல் குனிந்து அதிகாரியைப் பார்த்தார்.

"அப்பா?"

"வந்துட்டேன்டா பாப்பா" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் என்ற சொல்லையே பெட்டிக்குள் நுழைய விடாத மனிதர். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"வந்துட்டேன். கீழதான் நிக்கிறேன். மேல ஒருத்தருக்குத்தான் பாஸாம். உன் வீட்டுக்காரர் உள்ள இருக்கார்ல, அதான் என்னை விட மாட்டேங்கிறாங்க."

நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கி, விமானம் ஏறுகிறவர்கள் நாலாம் எண் வாசலுக்கு வரவும் என்று ஆரம்பித்தது. நான் நெஞ்சே வெடிக்கிற மாதிரி இருமினேன்.

"யாருப்பா இருமுறது?"

"உன் மாமன்தான். தூசி ஒத்துக்கல அவனுக்கு."

அந்தப் பக்கம் கட்டிலை விட்டு இறங்குகிற சத்தம் கேட்டது. பிறகு, "கீழன்னா எங்க? நான் ஜன்னல்கிட்ட வர்றேன், ரெண்டாவது மாடி" என்றாள்.

மாமா திணறினார். "மரத்தடியில" என்றார். ஆஸ்பத்திரி என்றால் எங்கேயாவது ஒரு மரம் இருக்காதா என்று நினைத்திருப்பார்.

"கை காட்டுப்பா."

அந்த அறையில், இரும்பு மேஜைக்கு மேல், மாமா கையைத் தூக்கி ஆட்டினார். அதிகாரி குனிந்து எதையோ எழுத ஆரம்பித்தார்.

"காட்டுறேன்டா. தெரியுதா?"

"தெரியுது" என்றாள் பாப்பா. "நல்லாத் தெரியுது. வெள்ளைச் சட்டை."

மாமா தன் காப்பிக் கலர் சட்டையைக் குனிந்து பார்த்தார். யாரோ ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் அங்கே நின்று கொசுவோ எதுவோ விரட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். அந்த முகம் தெரியாத ஆள் நன்றாக இருக்கட்டும் என்றும் நினைத்தேன்.

"ஆமாண்டா, வெள்ளைதான்" என்றார் மாமா.

"அப்பா."

"சொல்லுடா."

"ஒண்ணுமில்ல. அப்பா."

"சொல்லு பாப்பா."

"சும்மா கூப்பிட்டுப் பார்த்தேன். போய்ட்டு வர்றேன்."

போன் நின்றது. அதிகாரி அதை எடுத்துத் தட்டில் வைத்தார்.

நிபுணர் ஒன்றேகாலுக்கு வந்தார். பெட்டியை வெளியே ஒரு மணல்மேட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்தார்கள். ஒரு குண்டை அறுத்துப் பார்த்ததில் போன வருஷத்துச் செய்தித்தாளும், அதில் ஒரு மெத்தை விளம்பரமும் இருந்தன. நிபுணர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, "பிரமாதமான வேலைங்க" என்று மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேறொரு நாளாக இருந்தால் மாமா அந்தப் பாராட்டை ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

கடைசியாக ஒரு வாக்குமூலம் எழுதச் சொன்னார்கள். பட்டியலில் உள்ள ஏழு சாமானுக்கும் எதிரே அவர் கைப்பட 'டம்மி' என்று எழுத வேண்டும். தகராறு செய்வார் என்று பயந்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஏழு தடவை, அச்சு மாதிரி எழுதினார். எழுதி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டார்.

மாலை விமானத்தில் போய்ச் சேர்ந்தோம். பெட்டி எங்களோடு வரவில்லை. பாப்பாவின் கணவர் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தார். கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள், தூங்குகிறாள், பத்து நாளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது, குரல் எப்படி என்று அதற்குப் பிறகுதான் தெரியும் என்றார். போனில் பேசியது பற்றி அவரிடம் நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை உள்ளே விட்டார்கள். பாப்பா கழுத்தில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் கண் நிறைந்து சிரித்தாள். மடியில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்திருந்தார்கள். மாமா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், மனிதர் நேராகப் பொய்யிலேயே போய் விழுந்தார். "நேத்து கை காட்டினேனே, பார்த்தியாடா பாப்பா? ஆபரேஷன் முடியற வரைக்கும் அங்கயேதான் நின்னேன்."

பாப்பா கையை விடுவித்துக்கொண்டாள். பிறகு நோட்டை எடுத்து எழுதி அவர் பக்கம் திருப்பினாள்.

மாமா சட்டைப் பையைத் தடவினார். கண்ணாடி இல்லை. நோட்டைத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். "எனக்கு எழுத்தே தெரியல. என்ன மாப்ளே எழுதியிருக்கா?" என்று என்னிடம் நீட்டினார்.

வாங்கிப் பார்த்தேன். 'இந்தப் பக்கம் மரமே இல்லப்பா. நாலாம் எண் வாசல்னு கேட்டுச்சு' என்று எழுதியிருந்தது.

ஜன்னலைப் பார்த்தேன். கீழே தகரக் கூரை போட்ட ஸ்கூட்டர் நிறுத்துமிடம், அதற்கு அப்பால் ஒரு மதில், அவ்வளவுதான்.

"என்ன எழுதியிருக்கா?" என்றார் மாமா மறுபடியும்.

"நீங்க கை காட்டினதைப் பார்த்தேன்னு எழுதியிருக்கா மாமா" என்றேன்.

பாப்பா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளால் இல்லை என்று சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தாலும் சொல்லியிருப்பாளா என்று தெரியவில்லை. மெல்லக் கையைத் தூக்கி, தூரத்தில் நிற்கிறவருக்குக் காட்டுவது போல அப்பாவுக்குக் காட்டினாள். கட்டிலுக்கு அரை அடி தள்ளி உட்கார்ந்திருந்த மாமாவும் கையைத் தூக்கிக் காட்டினார்.